பூசக் கூடாத இடங்கள்

(கார் வைத்திருப்பவர்களுக்காக நூலக அரங்கு ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வீட்டு வாசலில் நிற்கும் காரின் பிரேக் பாகங்களையும் சக்கரத்தைச் சேர்ந்த இரும்புச் சாமான்களையும் நாமே சுத்தம் செய்து, துரு எடுத்து, வண்ணம் பூசுவது எப்படி என்பது இன்றைய பேச்சின் பொருள். இதைக் கேட்டதும் பலருக்கு அலாய் வீலின் இடுக்கில் சிவப்பாகத் தெரிகிற, பேட்டுகளை டிஸ்க் மேல் அழுத்தும் காலிப்பர்தான் கண்ணில் நிற்கும். அழகுக்காகச் செய்கிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் தொழிற்பயிற்சி நிலையத்தில் மோட்டார் மெக்கானிக் பிரிவுப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவன் என்ற முறையில் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வேலையில் எங்கே பூசுவது என்பதை அரை மணி நேரத்தில் கற்றுக்கொள்ளலாம். எங்கே பூசக் கூடாது என்பதுதான் பாடம். அதை ஒழுங்காகப் படித்து முடித்தவருக்குத் தன் கார் எப்படி நிற்கிறது என்பது தெரிந்துபோகும். அந்தப் பாடத்தை நடத்தத்தான் வந்திருக்கிறேன்.

மலைச் சாலையிலிருந்து தொடங்குவோம். உதகை கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேட்டுப்பாளையம் ஏறத்தாழ 325 மீட்டர். நான்கு பேர் ஏறிய ஒரு சின்னக் காரை 1,200 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலேயிருந்து கீழே வந்து சேர்வதற்குள் அந்தக் கார் 2 கோடியே 20 லட்சம் ஜூல் ஆற்றலை எங்கேயாவது இறக்கி வைத்தாக வேண்டும். 30 டிகிரியில் இருக்கிற 70 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்து, அதற்கு மேலும் மிச்சம் இருக்கிற அளவு வெப்பம் அது. இரண்டாவது கியரில் இறங்கினால் இன்ஜின் அதில் பெரும் பங்கை வாங்கிக்கொள்ளும். நியூட்ரலில் விட்டு இறங்குகிறவருக்கு ஏறக்குறைய முழுச் சுமையும் நான்கு சக்கரங்களுக்குள் இருக்கும் சில கிலோ வார்ப்பிரும்பின் தலையில் விழும். ஊருக்குள் ஓட்டும்போது நூறு இருநூறு டிகிரியில் இருக்கிற டிஸ்க், மலை இறக்கத்தில் 400 டிகிரியைத் தாண்டுவது உண்டு. உதகையிலிருந்து இன்னொரு பக்கம் இறங்கும் கல்லட்டிச் சாலையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே பிரேக் பிடிக்காமல் போன வண்டிகளைப் பற்றிச் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். அவற்றில் பல, பிரேக் உடைந்த வண்டிகள் அல்ல. வெப்பம் தாங்காமல் பிரேக் கைவிட்ட வண்டிகள்.

நாம் தூரிகையோடு போய் உட்காரப் போவது இப்படிப்பட்ட ஒரு பொருளின் முன்னால். வாசல் கேட்டுக்கு அடிக்கிற எனாமலை இங்கே அடிக்கக் கூடாது என்பதற்கு முதல் காரணம் அந்த வெப்பம். இரண்டாவது காரணம் பிரேக் ஆயில். நம் கார்களில் ஊற்றும் டாட் 3, டாட் 4 இரண்டும் கிளைக்கால் வகை. ஒரு சொட்டு பட்டாலும் சாதாரண பெயிண்ட் தோல் உரிவது போல எழும்பி வந்துவிடும். காரின் பாடியில் சிந்தினாலும் அதே கதைதான். துடைத்துக்கொண்டு நிற்காமல் உடனே தண்ணீரை ஊற்றுங்கள், அது தண்ணீரில் கரையும். காலிப்பருக்கென்றே விற்கும் பெயிண்ட், டின்னில் 480 டிகிரி வரை தாங்கும் என்று போட்டிருக்கும். இன்ஜின் எனாமல் என்று விற்பது 260 டிகிரி அளவில். காலிப்பர் டிஸ்க் அளவுக்குச் சூடாகாது என்பதால் ஊருக்குள் ஓடும் காருக்கு இரண்டாவதும் போதும். மலைக்குப் போகிறவர் முதலாவதை வாங்கட்டும்.

வரலாற்றை நீட்டப் போவதில்லை. 1902-இல் இங்கிலாந்தில் பிரெடரிக் லான்செஸ்டர் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். பிரான்சில் லூயி ரெனோ டிரம் பிரேக்கைக் கொண்டுவந்ததும் அதே ஆண்டில்தான். அரை நூற்றாண்டு டிரம்தான் ஆண்டது. 1953-இல் லெ மான் பந்தயத்தை டிஸ்க் பூட்டிய ஜாகுவார் ஜெயித்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. இன்று நம் தெருவில் நிற்கும் பெரும்பாலான சின்னக் கார்களில் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம்.

சென்னைக்காரர்களுக்கு இதில் ஒரு உரிமையும் உண்டு. அம்பத்தூர்ப் பக்கம் போகிறவர்கள் பாடி என்ற பகுதியைத் தாண்டித்தான் போவீர்கள். 1960-இல் வீல்ஸ் இந்தியா தொடங்கப்பட்டது. 1962-இல் பிரேக்ஸ் இந்தியாவும் சுந்தரம் கிளேட்டனும் வந்தன. சக்கரமும் கார் பிரேக்கும் லாரிகளின் ஏர் பிரேக்கும் பக்கத்துப் பக்கத்துக் கொட்டகைகளில் உருவான ஊர் அது. நம்மில் எத்தனையோ பேருடைய அப்பாவோ மாமாவோ அங்கே ஷிப்ட் போனவர்கள். அவர்கள் கையில் உருவான சாமான் நம் வண்டிக்கு அடியில் கேட்பாரற்றுத் துருப்பிடிப்பதைப் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை.

துரு ஏன் இங்கே இவ்வளவு வேகமாக வருகிறது? இரும்புக்குத் துருப்பிடிக்க ஈரமும் ஆக்சிஜனும் போதும். கடற்காற்றில் இருக்கும் உப்பு அந்த ஈரத்தை மின்சாரம் கடத்தும் திரவமாக மாற்றிவிடுகிறது. வேலை பல மடங்கு வேகமாகிறது. பெசன்ட் நகரிலும் திருவான்மியூரிலும் கடலைப் பார்த்து நிறுத்தும் கார்களில் காலிப்பரைத் தாங்கும் பிராக்கெட்டைப் பாருங்கள். அதே வயதுள்ள கோயம்புத்தூர் காரின் பிராக்கெட்டைப் பாருங்கள். வித்தியாசம் சொல்லாமலே தெரியும். அதற்கு மேல் வெள்ளம். 2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரிலும் நாள் கணக்கில் தண்ணீரில் நின்ற கார்கள் ஏராளம். வெளியே கழுவிவிட்டார்கள், சீட்டைக் காய வைத்தார்கள், இன்ஜின் ஆயிலை மாற்றினார்கள். டிரம்முக்குள் புகுந்த சேற்றை எத்தனை பேர் திறந்து பார்த்தார்கள்? அந்தச் சேறு பிரேக் ஷூவுக்கும் டிரம்முக்கும் நடுவில் உட்கார்ந்து, ஹேண்ட் பிரேக் போட்டபடியே நின்ற வண்டிகளில் இரண்டையும் ஒட்டிவைத்துவிட்டது. நனைந்த வண்டியைச் சமதளத்தில் நிறுத்தும்போது கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். ஹேண்ட் பிரேக்கை விட்டுவிடுங்கள்.

இனி வேலைக்கு வருவோம்.

இடம் சமதளமாக, தரை கெட்டியாக இருக்க வேண்டும். மண் தரையில் ஜாக்கி புதையும். முன் சக்கரத்தைக் கழற்றுவதானால் ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். நட்டுகளை வண்டி தரையில் இருக்கும்போதே கால் சுற்று தளர்த்திக்கொள்ளுங்கள். பிறகு ஜாக்கி ஏற்றி, ஜாக்கி ஸ்டாண்டை வைத்து, வண்டியை அதன் மேல் இறக்குங்கள். காரோடு வரும் ஜாக்கி டயர் மாற்றுவதற்கு மட்டும்தான். அதை நம்பிக் கையை உள்ளே விடக் கூடாது. செங்கல்லையும் ஹாலோ பிளாக்கையும் அடுக்கி நிறுத்துகிறவர்களை இன்றைக்கும் பார்க்கிறேன். கல் நசுங்குவதற்கு முன் எச்சரிக்கை கொடுக்காது. கழற்றிய சக்கரத்தைப் படுக்க வைத்து வண்டிக்கு அடியில் தள்ளிவிடுங்கள். ஸ்டாண்ட் சரிந்தாலும் அது தாங்கும்.

ஒரு நேரத்தில் ஒரு சக்கரம். ஸ்பிரிங் எந்தப் பக்கம் மாட்டியிருந்தது, பின் எது மேலே எது கீழே என்ற சந்தேகம் வரும்போது எழுந்து போய்ப் பார்க்க மறுபக்கச் சக்கரம் கழற்றப்படாமல் இருக்க வேண்டும். கையில் போன் இருக்கிறது. ஒவ்வொன்றையும் கழற்றுமுன் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

சக்கரம் வந்ததும் கண்ணில் படுவது கறுப்புத் தூசி. அதை ஊதக் கூடாது, ஏர் கம்பிரசரால் அடிக்கக் கூடாது, காய்ந்த பிரஷ்ஷால் தட்டக் கூடாது. இரும்புத் தூளும் பேட்டின் தேய்மானமும் சேர்ந்த மிக நுண்ணிய தூசி அது. பழைய லைனிங்கிலும் மலிவான லைனிங்கிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தால் அது நுரையீரலில் போய்த் தங்கி, பல ஆண்டு கழித்துப் புற்றுநோயாக வரக் கூடியது. பட்டறைகளில் சின்னப் பையன்கள் டிரம்மைக் கழற்றி வாயால் ஊதுவதைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் ஓடிப் போய்த் தடுக்கத் தோன்றும். மாஸ்க் போட்டுக்கொண்டு, சோப்புத் தண்ணீரைத் தெளித்து நனைத்து, அடியில் ஒரு அகலத் தட்டு வைத்து, ஈரத்தோடேயே கழுவி எடுங்கள். துடைத்த துணியைக் காய்வதற்கு முன் பையில் கட்டிப் போட்டுவிடுங்கள். ஐரோப்பாவில் யூரோ 7 விதிகள் வந்திருக்கின்றன. புகைக்குழாயிலிருந்து வருவதைப் போல பிரேக்கிலிருந்து பறக்கும் தூசிக்கும் முதன்முறையாக அங்கே வரம்பு கட்டியிருக்கிறார்கள். அவ்வளவு தூரம் கவனிக்க வேண்டிய பொருள் இது.

அலாய் வீலுக்குள் ஏறிய பழுப்புப் புள்ளிகளுக்கு, தெளித்தால் ஊதா நிறமாக ஓடும் திரவம் கடைகளில் கிடைக்கிறது. தயோகிளைக்கோலேட் என்ற உப்பு இரும்புத் தூளோடு சேர்வதால் வரும் நிறம் அது. நல்ல சாமான்தான், காயவிடாமல் கழுவ வேண்டும். அமிலம் சேர்ந்த வீல் கிளீனர்களை, குறிப்பாக புளூரைடு உள்ளவற்றை, வீட்டுக்குள் கொண்டுவரவே வேண்டாம். தோலில் பட்டால் அப்போது எரியாது. பிறகு எலும்பு வரை போகும்.

மண்ணெண்ணெய், டீசல், பெட்ரோல் மூன்றையும் இந்த வேலைக்குத் தூரத்தில் வையுங்கள். நம் பட்டறைகளில் எதையும் மண்ணெண்ணெயில் கழுவுவது கைப்பழக்கம். பிரேக்கின் ரப்பர் பாகங்கள் கிளைக்கால் திரவத்துக்கென்று செய்தவை. பெட்ரோலிய எண்ணெய் பட்டால் உப்பிப் போகும். உப்பிய ரப்பர் பிஸ்டனைப் பிடித்துக்கொள்ளும். எண்ணெய்ப் படலத்தின் மேல் பெயிண்டும் நிற்காது. பிரேக் கிளீனர் ஸ்பிரேயோ ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலோ போதும். ஒரு எச்சரிக்கை: சில பிரேக் கிளீனர்களில் குளோரின் கலந்த கரைப்பான் இருக்கும். அது ஈரமாக இருக்கும்போது வெல்டிங் வைத்தாலோ, பெயிண்ட் சீக்கிரம் காயட்டும் என்று தீ காட்டினாலோ பாஸ்ஜீன் என்ற நச்சுவாயு உண்டாகும்.

காலிப்பரைக் கழற்றலாமா என்று கேட்பீர்கள். பிராக்கெட்டிலிருந்து கழற்றலாம், பிரேக் ஹோஸைக் கழற்றக் கூடாது. இது வீட்டு வேலைக்கும் பட்டறை வேலைக்கும் நடுவில் நான் போடும் கோடு. ஹோஸைத் திறந்தால் காற்று உள்ளே போகும். பிறகு அந்தக் காற்றை வெளியேற்ற பிளீடிங் செய்தாக வேண்டும். அதைத் தெரிந்தவர் பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுக்காமல் முதல்முறை செய்யக் கூடாது. கழற்றிய காலிப்பரை ஹோஸில் தொங்கவிடாமல் ஒரு கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டித் தொங்கவிடுங்கள். அது தொங்கும்போது வீட்டில் யாரும் காருக்குள் ஏறி பிரேக் பெடலை மிதித்துவிடக் கூடாது. பிஸ்டன் வெளியே வந்துவிடும். பின்னாலும் டிஸ்க் இருந்து, ஹேண்ட் பிரேக் சுவிட்சில் வேலை செய்கிற கார்களில் கையேட்டைப் படிக்காமல் பின் காலிப்பரைத் தொடவே வேண்டாம்.

துருவுக்குக் கம்பி பிரஷ். பிஸ்டனையும் பின்னையும் மூடும் ரப்பர் பூட்டுக்குப் பக்கத்தில் பித்தளை பிரஷ். அது கொஞ்சம் மென்மை. பிறகு 80 நம்பர் உப்புத்தாள், அதன்பின் 180. கண்ணாடி போல் வழவழப்பாக்க வேண்டாம். பெயிண்ட் பிடிக்கக் கொஞ்சம் சொரசொரப்பு வேண்டும். டிரில்லில் மாட்டும் கம்பிச் சக்கரம் வேகமானது, ஆனால் ஒரு நொடியில் பூட்டைக் கிழித்துவிடும். வார்ப்பின் குழிகளில் எந்தத் தாளும் போகாது. அங்கே துரு மாற்றித் திரவத்தைத் தொட்டு வையுங்கள். சிலவற்றில் பாஸ்பாரிக் அமிலம், சிலவற்றில் டானிக் அமிலம். டானிக் அமிலம் துருவோடு சேர்ந்து கருநீலமாக மாறி, மேற்கொண்டு அரிக்காத படலமாக நிற்கும். கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து நம் முன்னோர் எழுத்து மை காய்ச்சியதும், கலம்காரித் துணியில் கறுப்புக் கோடு விழுவதும் இதே இரும்பு-டானின் சேர்க்கையால்தான். பழைய துரு கண் முன்னால் கறுப்பதைப் பார்ப்பது எனக்கு இன்றைக்கும் மகிழ்ச்சி தரும் காட்சி.

இப்போது, தொடக்கத்தில் நான் சொன்ன அந்தப் பாடம்.

மேசை மேல் இருக்கும் இந்தப் பிராக்கெட்டைப் பாருங்கள். பின்னால் இருப்பவர்கள் எழுந்து வந்தே பார்க்கலாம். பளபளவென்று சிவப்பு, அடித்தவர் நல்ல கைகாரர், ஒரு வழிசல்கூட இல்லை. இதோ, மேலும் கீழும் இருக்கிற இந்தச் சின்னப் பள்ளங்களில்தான் பேட்டின் காதுகள் உட்காரும். உட்கார்ந்தபடியே அவை முன்னும் பின்னும் நழுவ வேண்டும். இந்தப் பள்ளத்துக்குள்ளும் சிவப்பு அடித்திருக்கிறார். பேட் காது இடித்து இடித்து, பெயிண்ட் சுருண்டு, ஓரத்தில் ஒரு சின்னத் திண்டு போல் குவிந்திருக்கிறது. நகத்தால் தொட்டால் தெரியும். இதில் மாட்டியிருந்த பேட்டுகள் இவை. வெளிப்பக்கத்துப் பேட்டில் லைனிங் ஏறக்குறைய புதிது. உள்பக்கத்துப் பேட் இரும்புத் தகடு வரை தேய்ந்திருக்கிறது. பிஸ்டன் தள்ளியதும் உள் பேட் போய் டிஸ்க்கைப் பிடித்தது. பெடலை விட்டதும் திரும்பி வர வழியில்லாமல் அங்கேயே உரசிக்கொண்டு நின்றது. ஓட்டியவருக்கு மைலேஜ் குறைந்தது, ஒரு சக்கரம் மட்டும் சுட்டது. காரணம் தெரியவில்லை. காரணம் இந்த அழகான சிவப்பு.

காலிப்பரும் தன் பங்குக்கு இரண்டு பின்களின் மேல் நழுவுகிறது. பிஸ்டன் இருப்பது ஒரு பக்கத்தில்தான். அது உள் பேட்டைத் தள்ளும்போது காலிப்பர் முழுவதும் எதிர்ப்பக்கமாக நகர்ந்து வெளிப் பேட்டையும் இழுத்துவர வேண்டும். அந்தப் பின்னில் பெயிண்ட் துளிகூடப் படக் கூடாது. பிஸ்டன் மேலும், அதன் ரப்பர் பூட் மேலும், பிளீடர் நிப்பிள் மேலும், ஏ.பி.எஸ். சென்சார் மேலும் படக் கூடாது. பேட் உரசும் டிஸ்க்கின் முகத்தில் படக் கூடாது என்பது சொல்லாமலே தெரியும்.

பலர் ஏமாறும் இடம் ஹப்பின் முகம். டிஸ்க்கைக் கழற்றியதும் உள்ளே வட்டமாக, துருவேறிய ஒரு தட்டு தெரியும். அதன் மேல்தான் டிஸ்க் உட்கார்கிறது. டிஸ்க் மேல் சக்கரம் உட்கார்கிறது. துருவைச் சுரண்டிவிட்டு, ‘இதற்கும் ஒரு கோட்’ என்று கை போகும். வேண்டாம். டிஸ்க் சுற்றும்போது பக்கவாட்டில் ஆட அனுமதிக்கப்பட்ட அளவு பல கார்களில் 0.05 முதல் 0.1 மில்லிமீட்டர் வரைதான். பிரைமரும் மூன்று கோட்டும் சேர்ந்தால் பெயிண்டின் தடிப்பே அவ்வளவு வந்துவிடும். அது எங்கும் ஒரே சீராகவும் இருக்காது. ஹப்பின் ஓரத்தில் ஒரு பக்கம் கூடுதலாக இருந்தால், அதைவிட அகலமான டிஸ்க்கின் விளிம்பில் அது ஏறக்குறைய இரண்டு மடங்காகத் தெரியும். அடியில் ஒரு அரிசி கிடந்தால் எவர்சில்வர் குடம் ஆடுவதைப் போல டிஸ்க் ஆடும். பிரேக் பிடிக்கும்போது பெடல் காலில் துடிக்கும், ஸ்டியரிங் நடுங்கும். பிறகு ‘டிஸ்க் வளைந்துவிட்டது’ என்று கடையில் சொல்வார்கள். புது டிஸ்க் வாங்கி அதே பெயிண்ட் மேல் மாட்டுவீர்கள்.

சக்கரம் டிஸ்க்கோடு சேரும் முகமும், நட்டின் சாய்ந்த முகம் போய் உட்காரும் சக்கரத் துளையும் அதே வகைதான். அங்கே பெயிண்ட் இருந்தால் இறுக்கும்போது முறுக்கு சரியாகத்தான் காட்டும். நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு வெப்பத்திலும் அழுத்தத்திலும் அந்தப் படலம் நசுங்கி நகர்ந்துவிடும். நட்டின் பிடி போய்விடும். ஸ்டட்டின் மரையில் பெயிண்டும் கூடாது, எண்ணெயும் கூடாது. எண்ணெய் போட்டால் நல்லது என்று நினைப்போம்; ஆனால் வழுக்கும் மரையில் அதே முறுக்குக்கு ஸ்டட் அளவுக்கு மீறி இழுபடும். கம்பி பிரஷ்ஷால் சுத்தம் செய்து காய்ந்தபடியே விடுங்கள். கடலோரத்தில் அலாய் வீல் ஹப்போடு ஒட்டிக்கொண்டு கழலாமல் படுத்துவது உங்களுக்குத் தெரியும். அலுமினியமும் இரும்பும் உப்பு ஈரத்தில் சேர்ந்தால் அப்படித்தான். அதற்கு ஹப்பின் நடு வளையத்தில் மட்டும் ஆன்டி-சீஸ் மெல்லியதாகத் தடவுங்கள். மரைக்குப் போகவிடாதீர்கள்.

மிச்சமிருக்கும் இடமெல்லாம் உங்களுடையது. காலிப்பரின் முதுகு, பிராக்கெட்டின் வெளிப்பக்கம், டிஸ்க்கின் நடுத் தொப்பியும் விளிம்பும், பின்னாலிருக்கும் தூசித் தகடு, டிரம்மின் வெளிப்புறம், ஸ்டீல் வீல். சக்கரம் உட்காரும் முகத்தை மட்டும் விட்டுவிட்டு, அவற்றுக்குக் கட்டாயம் அடியுங்கள். துருவைத் தடுக்கும் வேலை உண்மையில் அங்கேதான் நடக்கிறது. புது டிஸ்க்குகள் சாம்பல் நிறத்தில் பூச்சோடு வருவதைக் கவனித்திருக்கிறீர்களா? துத்தநாகச் செதில் கலந்த பூச்சு அது. பேட் உரசும் இடத்தில் முதல் சில பிரேக்கிலேயே தேய்ந்துவிடும். மற்ற இடத்தில் நின்று காக்கும். தொழிற்சாலை செய்வதைத்தான் நாம் வீட்டில் தொடர்கிறோம்.

ஸ்பிரேயா, பிரஷ்ஷா? வண்டியில் மாட்டியபடியே அடிப்பதானால் பிரஷ். ஸ்பிரே எங்கே பறந்து போய் உட்காரும் என்று சொல்ல முடியாது. பாதி நாள் மாஸ்கிங் டேப் ஒட்டுவதிலேயே போகும். மெல்லிய கோட்டாக, ஒன்று தொட்டால் ஒட்டாத அளவு காய்ந்ததும் அடுத்தது. மார்கழிக் காலையில் இந்த வேலை வேண்டாம்; ஈரக் காற்றில் பெயிண்ட் மேல் வெள்ளை படரும். மாசி, பங்குனியில் ஒரு வறண்ட முற்பகல் நல்லது. நிறம் உங்கள் விருப்பம். என்னைக் கேட்டால் வெளிர் சாம்பல் என்பேன். அதன் மேல் ஒரு சொட்டு பிரேக் ஆயில் கசிந்தாலும் கறையாகத் தெரியும்; கறுப்பில் ஒளிந்துகொள்ளும்.

கழற்றிய கையோடு பின்களை உருவிப் பாருங்கள். இதோ இந்தப் பின்னில் கிரீஸ் காய்ந்து கறுப்பு மெழுகாகியிருக்கிறது. விரலால் சுற்றினால் நகரவில்லை. துடைத்து, பிரேக்குக்கென்று விற்கும் சிலிகான் கிரீஸைத் தடவி மாட்டினால் ஒரு விரலால் தள்ளும்போதே வழுக்கிக்கொண்டு போக வேண்டும். வீல் பேரிங்குக்குப் போடும் சாதாரண கிரீஸ் இங்கே ஆகாது. ரப்பர் உப்பும் என்று முன்பே சொன்னேன். முழுக் காரியத்தில் காசுக்கு அதிகப் பலன் தருவது இந்தப் பின் வேலைதான். வண்ணம் பூச நேரமில்லை என்றால் இதை மட்டுமாவது செய்யுங்கள்.

திரும்ப மாட்டும்போது நட்டுகளைக் கையால் சுற்றி உட்காரவைத்து, குறுக்கு வரிசையில் இறுக்கி, வண்டியைத் தரையில் இறக்கியபின் டார்க் ரெஞ்ச்சால் முடியுங்கள். சின்னக் கார்களுக்குப் பெரும்பாலும் 85 முதல் 110 நியூட்டன் மீட்டருக்குள் இருக்கும். உங்கள் காரின் அளவு கையேட்டில் இருக்கிறது. வீல் ஸ்பேனர் மேல் ஏறி நின்று மிதிக்க வேண்டாம். வண்டியை எடுப்பதற்கு முன், நின்ற இடத்திலேயே பிரேக் பெடலை அது கெட்டியாகும் வரை பலமுறை மிதியுங்கள். விலகிப் போயிருக்கும் பிஸ்டன் பேட்டை வந்து தொடும்வரை முதல் சில மிதிக்குப் பிரேக்கே இருக்காது. காம்பவுண்டை விட்டு வெளியே வந்த பிறகு அதைத் தெரிந்துகொள்ளக் கூடாது. நடக்கும் வேகத்தில் ஓட்டி நிறுத்திப் பார்த்தபின் தெருவுக்கு வாருங்கள். நூறு கிலோமீட்டருக்குள் நட்டுகளை இன்னொருமுறை ரெஞ்ச் வைத்துப் பாருங்கள்.

மின்சாரக் கார் வாங்கியவர்கள், ‘எங்களுக்கு பிரேக்கே தேய்வதில்லை’ என்கிறார்கள். உண்மை. மோட்டாரே வேகத்தைக் குறைத்து, அந்த ஆற்றலை பேட்டரிக்குத் திருப்பி அனுப்புகிறது. அதனாலேயே டிஸ்க் உரசப்படாமல் கிடந்து துருப்பிடிக்கிறது. வோக்ஸ்வாகன் தன் ஐ.டி.3, ஐ.டி.4 கார்களின் பின்சக்கரத்துக்கு மூடிய டிரம்மையே வைத்தது. கடற்கரை ஊரில் மின்சாரக் கார் வைத்திருப்பவர்கள் இந்த வேலையை மற்றவர்களைவிட அதிகம் கற்றுக்கொள்ள வேண்டும்.

பழகுவதற்கு வண்டியையே பிரிக்க வேண்டியதில்லை. சென்னைப் புதுப்பேட்டையின் பழைய சாமான் கடையில் ஒரு காலிப்பர் வாங்கிவந்து, வீட்டு மேசை மேல் செய்தித்தாளைப் போட்டுக் கழற்றி மாட்டிப் பாருங்கள். பின்னை உருவுங்கள், பூட்டை இழுத்துப் பாருங்கள், பேட் எந்தப் பக்கம் நழுவுகிறது என்று கையால் தள்ளிப் பாருங்கள். பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வையுங்கள், பெண் பிள்ளைகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

பூட் கிழிந்திருந்தால், பிஸ்டனைச் சுற்றி ஈரம் தெரிந்தால், ஹோஸில் வெடிப்பு இருந்தால், பிரேக் பைப்பில் துரு செதிலாக எழும்பியிருந்தால் தூரிகையைக் கீழே வைத்துவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். கசிவின் மேல் வண்ணம் பூசி மறைப்பதைப் போன்ற ஆபத்து வேறில்லை. ஆனால் கூப்பிடும்போது, ‘பிரேக் சரியில்லை, கொஞ்சம் பாருங்க அண்ணே’ என்று மட்டும் சொல்ல மாட்டீர்கள். ‘இடது முன் சக்கரத்தில் கீழ் பின் அசையவில்லை, உள் பேட் பாதிக்கு மேல் தேய்ந்திருக்கிறது, பிஸ்டன் பூட் நன்றாக இருக்கிறது, கசிவு இல்லை’ என்பீர்கள். அவரும் ஜி.பி. ரோட்டு உதிரிபாகக் கடையில் ஒரு பின் கிட் வாங்கிவந்து மாட்டிவிட்டுப் போவார்; காலிப்பர் முழுவதையும் மாற்ற வேண்டி வராது.